பனிக்கேற்ற பலகை

குல்மார்க்கில் ஒரே இறக்கத்தில் நாலு வகைப் பனி. எந்த ஸ்கீயில் ஏறுவது, எந்த பைண்டிங்கை நம்புவது என்பது அங்கே வெறும் ரசனை சம்பந்தப்பட்ட விஷயமல்ல.

பிப்ரவரியில் இரவெல்லாம் பனி கொட்டி ஓய்ந்த காலையில் குல்மார்க்கில் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று, கோண்டோலா நிலையத்தின் வாசல். மேல் கட்டம் இன்று திறக்குமா, திறந்தால் எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. இருந்தாலும் வரிசை கலையாது. இன்னொன்று, ஸ்கீ வாடகைக் கடைகள். உள்ளே புகாரி அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்த ஜோடிப் பலகைகள். முதல் தடவை வருகிறவரின் கண் பலகையின் வண்ணத்தில் போய் நிற்கும். கடைக்காரரின் கண் வந்தவரின் காலில் நிற்கும். எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, வயது என்ன, பூட்ஸின் அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர், இதற்கு முன் எங்கே சறுக்கியிருக்கிறீர்கள், இன்றைக்கு எங்கே போகப் போகிறீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. மற்றதற்கெல்லாம் பொய் சொன்னாலும் பெரும்பாலும் வலியோடு போய்விடும்.

ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். தங்மார்க் வரை சமவெளிச் சாலை. அதன் பிறகு தேவதாரு, ஃபர் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து 13 கிலோமீட்டர் ஏற்றம். முடிவில் கடல்மட்டத்திலிருந்து 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணம் போன்ற புல்வெளி. கோடையில் அங்கே குதிரைகளும் கோல்ஃப் ஆட்டமும். குளிர்காலத்தில் புல்வெளி, வேலி, படிக்கட்டு எல்லாம் வெள்ளைக்கு அடியில் போய்விடும். மேற்கே பீர் பஞ்சால் தொடரின் அஃபர்வாட் மலை, 4,200 மீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கிறது. வானம் தெளிந்த நாளில் அதன் முகட்டிலிருந்து நங்கா பர்வதம் தெரியும். மலைக்குப் பின்புறம் சிறிது தூரத்தில் கட்டுப்பாட்டுக் கோடு. ராணுவம் இங்கே சுற்றுலாவுக்கு முந்தைய குடித்தனக்காரர் என்பதை எந்த வளைவிலும் மறக்க முடியாது.

பனிச்சறுக்கை இங்கே கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். 1927-ல் அவர்கள் இந்திய ஸ்கீ கிளப்பைத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கூட்டம், ஈஸ்டருக்கு ஒரு கூட்டம் என்று பொழுது போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் விட்டுச் சென்ற விளையாட்டை ராணுவம் வேலையாக எடுத்துக்கொண்டது. 1948-ல் திம்மய்யாவின் முயற்சியில் 19-வது காலாட்படை டிவிஷனின் ஸ்கீ பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி. 1968-ல் மத்திய சுற்றுலாத் துறை பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையத்தை அமைத்தது. அந்தக் காலத்துப் பலகைகள் ஆளைவிட நீளமாக, இடுப்பு ஒடுங்கி, கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். கீழ்ச் சரிவுகளில் மிதித்துச் சமன் செய்த பனிக்கு அது போதும்.

மலையை மாற்றியது கோண்டோலா. 1980களின் கடைசியில் பிரான்ஸின் போமா நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி வேலை தொடங்கியபோது தீவிரவாதம் தலையெடுத்தது. கம்பங்கள் பாதியில் நின்றன. 1998-ல்தான் முதல் கட்டம் கோங்தூரி வரை ஓடியது. 2005-ல் இரண்டாவது கட்டம் அஃபர்வாட்டின் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டரில் போய் நின்றது. அதுவரை ஒரு முழு நாள் மூச்சு வாங்க ஏறியவர்களுக்கு மட்டுமே கிடைத்த பனி, டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டது. ஸ்வீடன், ரஷ்யா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கிருந்தோ அகலப் பலகைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஐரோப்பாவில் இத்தனை உயரத்துக்கு இழுவைப் பெட்டி ஏறினால் கீழே இயந்திரம் வைத்துச் சீவிய பாதைகள் இருக்கும். இங்கே அப்படியில்லை. மேலே கதவைத் திறந்து இறங்கினால் மலைதான்.

நாலு பனி, ஒரு மதியம்

தமிழில் பனி என்ற ஒரே சொல் மார்கழிப் புல்நுனித் துளிக்கும், காலை மூட்டத்துக்கும், இமயத்து வெண்மைக்கும் பொது. பார்க்காததற்குப் பெயர் வைக்க எந்த மொழியும் மெனக்கெடுவதில்லை. காஷ்மீரியில் விழும் பனிக்கு ஷீன் என்று தனிப் பெயர். பருவத்தின் முதல் பனிக்கு ஒரு விளையாட்டும் உண்டு. ஒருவருக்குத் தெரியாமல் அவர் கையில் முதல் பனியைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் விருந்து வைக்க வேண்டும். ஆனால் பலகை கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு ஷீன் என்ற சொல்லும் போதாது.

அஃபர்வாட்டின் தோளிலிருந்து குல்மார்க் வரை கிட்டத்தட்ட 1,300 மீட்டர் இறக்கம். முகட்டில் காற்று ஓயாது. அது பனித்துகளை நொறுக்கி, ஒரு பக்கம் சுரண்டி, மறு பக்கத்தில் அப்பிவிடும். சுரண்டிய இடத்தில் அலையலையாகக் கல் போன்ற வரிகள். அப்பிய இடத்தில் சுவர்ப்பூச்சு போலக் கெட்டியான படிவம். அதற்குக் கீழே, காற்று எட்டாத கிண்ணத்தில் புதுப் பனி, முழங்கால் ஆழமோ இடுப்பு ஆழமோ. இன்னும் கீழே, நேற்றே நூறு பேர் உழுதுவிட்ட பனி, குழியும் மேடுமாக. கோங்தூரிக்குக் கீழே வெயில் பட்ட சரிவில் மேல்தோல் உருகி, இரவில் உறைந்து, அப்பளம் போல நொறுங்கும் ஓடு. குல்மார்க் இருப்பது 34 டிகிரி அட்சரேகையில். ஆல்ப்ஸ் மலைகளைவிடத் தெற்கே. ஆகவே வெயில் உறைக்கும். வடக்குப் பார்த்த சரிவு ஒரு வாரம் பவுடராகவே இருக்க, ஒரு மேடு தாண்டித் தெற்குப் பார்த்த சரிவு ஒரே மதியத்தில் கெட்டுவிடும்.

இத்தனையையும் ஒரே ஜோடிப் பலகையில் கடக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். நடுவழியில் மாற்றிக்கொள்ள முடியாது.

ஸ்கீயின் குணத்தைச் சொல்லும் முதல் எண் அதன் இடுப்பு. பாதத்துக்கு நேர் கீழே பலகை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பது. பந்தய ஸ்லாலம் பலகைக்கு 65 அளவில். சமன் செய்த பாதைகளுக்கு எழுபது, எண்பது. ஃப்ரீரைடு, அதாவது பாதை போடாத மலையில் இஷ்டப்படி இறங்குவதற்கான பலகைகள் 95-ல் தொடங்கி 120-க்கு மேலும் போகும். அகலம் கூடினால் எடை பரவும். பலகை பனிக்குள் அமிழாமல் மிதக்கும். நெல்வயல் சேற்றில் பரம்புப் பலகை மேல் நிற்பவர் அமிழாத அதே கணக்கு.

இரண்டாவது விஷயம் வளைவு. பழைய பலகையைத் தரையில் வைத்தால் நடு எழும்பி, இரு முனைகள் மட்டும் தரையைத் தொடும். ஆள் ஏறி நின்றதும் நடு அழுந்தி, விளிம்பு முழுக்கப் பனியைக் கவ்வும். கெட்டிப் பனியில் அதுதான் வேண்டும். ஆழப் பனியில் அதே பலகையின் மூக்கு கீழே குத்தி ஆளைத் தலைகுப்புறத் தள்ளும். 2002-ல் அமெரிக்க நிறுவனமான வோலன்ட் ஸ்பாட்யுலா என்ற பலகையைக் கொண்டுவந்தது. பின்னால் இருந்த மூளை ஷேன் மெக்கான்கியினுடையது. பவுடரில் சறுக்குவது நிலத்தைவிட நீரைப் போன்றது, ஆகவே பலகை தண்ணீர்ச் சறுக்குப் பலகையைப் போல இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். வளைவைத் தலைகீழாக்கினார். முனைகள் மேலே, நடு கீழே. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சில ஆண்டுகளில் எல்லாக் கம்பெனிகளும் மூக்கைத் தூக்கிக்கொண்டன. இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை சமரசம்: மூக்கு நீளமாக எழும்பியிருக்கும், பாதத்தின் கீழ் பழைய வளைவு கொஞ்சம் இருக்கும், வால் இலேசாகத் தூக்கியிருக்கும்.

அப்படியானால் கடையில் இருப்பதிலேயே அகலமானதை எடுத்துக்கொண்டால் ஆயிற்று என்று தோன்றும். முதல் நாள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அஃபர்வாட்டின் தோளில் காற்றடித்த கெட்டிப் பனியில் கால் வைத்ததும் தப்பு தெரியும். பலகை அகலமாக இருந்தால் அதன் விளிம்பு பாதத்தின் நடுவிலிருந்து விலகி இருக்கும். அதைச் சாய்த்துப் பனியில் ஊன்றும் பாரம் முழுக்க முழங்காலில் விழும். 120 மில்லிமீட்டர் பலகையோடு ஒரு கெட்டிச் சரிவைக் குறுக்கே கடப்பது, ஏணியின் ஓரத்தில் நிற்பதுபோல. பத்து நிமிடத்தில் தொடை நடுங்கும். 3,950 மீட்டரில் பிராணவாயுவும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான்.

எடையும் இருமுனைக் கத்தி. மேலே இன்னும் ஏறிப் போகிறவர்கள் கார்பன் நாரும் இலேசான மரமும் வைத்த பலகையைத் தேடுவார்கள். காலில் ஒரு கிலோ, முதுகில் ஐந்து கிலோ என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. ஆனால் இலேசான பலகை உழுத பனியில் தட்டுத் தடுமாறும். ஓட்டின் மேல் போகும்போது கிடுகிடுவென்று நடுங்கி ஆளை உலுக்கும். உலோகத் தகடு பொதிந்த கனமான பலகை அதே இடத்தை இடித்துக்கொண்டு போய்விடும். கோண்டோலாவில் ஏறி இறங்குகிறவருக்குக் கனம் ஒரு பொருட்டே அல்ல. பக்கத்து முகட்டுக்கு ஒரு மணி நேரம் நடக்கிறவருக்கு அது எல்லாம்.

குல்மார்க்கில் ஒரே ஜோடிதான் என்றால் 105-லிருந்து 112 வரை இடுப்பு, மூக்கு நன்றாக எழும்பியது, பாதத்தின் கீழ் வளைவு உள்ளது, நீளம் ஆள் உயரமோ ஒரு சாண் கூடவோ என்பது நியாயமான தேர்வு. எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. காட்டுக்குள் இறங்குவதானால் இன்னும் கொஞ்சம் குட்டை. மங்கி ஹில் பக்கமோ, பாபா ரேஷி தர்காவை நோக்கியோ மரங்களுக்கிடையே இறங்கும்போது, நீளப் பலகையைத் திருப்புவதற்குள் மரம் வந்துவிடும். மேல் காட்டில் இருப்பவை பூர்ஜ மரங்கள். காஷ்மீரத்துப் பழைய ஏடுகள் எழுதப்பட்டது இவற்றின் பட்டையில்தான். கீழே இருக்கும் ஊசியிலை மரங்களைவிட இடைவெளி விட்டு நிற்பவை. சறுக்குகிறவர்களுக்கு அந்த மட்டில் கருணை. பாபா ரேஷியில் இறங்கினால் தேநீரும், திரும்ப மேலே கொண்டுபோக ஜீப்பும் கிடைக்கும்.

விட வேண்டியதும் விடக் கூடாததும்

பலகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பைண்டிங்கைப் பற்றிப் பேசுவதில்லை. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற இரண்டு உலோகத் துண்டுகள், முன்னால் ஒன்று, குதிகாலில் ஒன்று. இவற்றின் வேலை நேர்மாறான இரண்டு. காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விழும்போது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள நெம்புகோல் காலை முறுக்கும்.

விடுகிற பைண்டிங்கை முதலில் செய்தவர் ஹால்மர் ஹ்வாம் என்ற நார்வேக்காரர். அமெரிக்காவின் ஓரிகனில் குடியேறிய பந்தய வீரர். 1937-ல் சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யோசனை வந்தது. 1939-ல் காப்புரிமை பெற்றார். அவருக்குப் பிறகு ஸ்பிரிங்குகள் நுணுக்கமாகி, இன்று ஒவ்வொரு பைண்டிங்கின் மேலும் சிறு ஜன்னலில் ஓர் எண் தெரியும். டின் எண் என்பார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் விதம் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் போட்டு எடுப்பது. சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் நாலுக்கும் எட்டுக்கும் இடையில் வரும். பூட்ஸ் அடி நீளமாக இருந்தால் எண் குறையும். ஐம்பது வயதானால் அட்டவணை ஒரு படி இறக்கிவிடும். எலும்புக்கு மரியாதை.

கடையில் பொய் வருவது இங்கேதான். தன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் பலருக்கு ஆசை. கெட்டிக்காரன் என்றால் எண் ஏறும். எண் ஏறினால் விழும்போது பைண்டிங் விடாது. உடல் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களுக்கு வேறு ஆபத்து: எண் இறங்கி, செங்குத்துச் சரிவில் ஒரு குலுக்கலுக்கே பலகை கழன்று ஓடிவிடும். ஆழப் பனியில் கழன்ற பலகையைத் தேடுவது குளத்தில் மோதிரம் தேடுகிற வேலை. மேல்பரப்பில் ஒரு கோடுகூட இருக்காது. அதனால் சிலர் பலகையோடு நீளமான வண்ண நாடாவைக் கட்டிவிடுகிறார்கள். தொலைத்தவர் ஒற்றைப் பலகையில், அல்லது இடுப்பளவு பனியில் நடந்து கீழே வர வேண்டும். அது அரை நாள் வேலை.

இன்னொன்றையும் கடைகளில் சொல்வதில்லை. பைண்டிங் காப்பாற்றுவது முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பை. முழங்காலுக்குள் இருக்கும் தசைநாரை அது அவ்வளவாகக் காப்பாற்றுவதில்லை. நல்ல பைண்டிங்குகள் வந்த பிறகு உலகெங்கும் கீழ்க்கால் முறிவு குறைந்தது. முழங்கால் காயம் அதே அளவுக்குக் குறையவில்லை.

வகைகள் மூன்று, நாலு. சாதாரண ஆல்பைன் பைண்டிங்தான் கோண்டோலாவோடு நிற்பவர்களுக்கு. கனம், உறுதி, நம்பத் தகுந்த விடுப்பு. மேலே ஏறி நடக்க வேண்டுமானால் குதிகால் தூக்க வேண்டும். அதற்கு ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் கண்டுபிடித்தது ஊசி பைண்டிங். பூட்ஸின் முன்பக்கம் இருபுறமும் குழி. அதில் இரண்டு ஊசிகள் வந்து கவ்வும். அவ்வளவுதான். எடை ஒரு பக்கத்துக்குச் சில நூறு கிராம். பலகையின் அடியில் ரோமத்துணி ஒட்டிக்கொண்டு பூனை போல ஏறிப் போகலாம். ஆனால் கெட்டிப் பனியில் வேகமாக இறங்கும்போது அது ஆல்பைன் பைண்டிங்கைப் போல நெகிழாது. விடுவதிலும் அந்த நிதானம் இல்லை. ஏறும்போது முன்பக்கத்தைப் பூட்டி வைப்பார்கள். பூட்டிய நிலையில் அது விடவே விடாது. பனிச்சரிவில் அப்படி மாட்டினால் காலில் நங்கூரம். இந்த இரண்டுக்கும் நடுவே 2018-ல் சாலமன் கொண்டுவந்த ஷிஃப்ட் போன்ற கலப்பினங்கள்: ஏறும்போது ஊசி, இறங்கும்போது ஆல்பைன். விலையும் அதற்குத் தகுந்தபடி. பாகங்களும் அதிகம், பழுதும் அதிகம்.

பூட்ஸும் பொருந்த வேண்டும். ஆல்பைன் பூட்ஸின் அடி தட்டையானது. நடைக்கேற்ற பூட்ஸின் அடி வளைந்து, ரப்பர் பதித்தது. ஒன்றுக்கான பைண்டிங்கில் மற்றதை அழுத்தி மாட்டினால் மாட்டிக்கொள்ளும், கழலாது. பலகையின் அகலத்துக்கு ஏற்ற பிரேக் கம்பி வேண்டும். 112 பலகையில் 100 மில்லிமீட்டர் பிரேக் இறங்காது. திருகு போடத் துளையிடும் ஆணியின் அளவுகூட பலகைக்குப் பலகை மாறும்: உலோகத் தகடு உள்ளதற்கு 4.1 மில்லிமீட்டர், இல்லாததற்கு 3.5 அல்லது 3.6. பலகையிலேயே அச்சிட்டிருக்கும். படிக்காமல் துளையிட்டால் திருகு ஒரு நாள் வேரோடு வரும். வாடகைக் கடைகளில் இந்தத் தலைவலி இல்லாமல் முன்னும் பின்னும் நகரும் தண்டவாள பைண்டிங் இருக்கும். கனம் கூடுதல், ஆனால் யார் காலுக்கும் ஐந்து நிமிடத்தில் பொருத்திவிடலாம்.

விடுவதைப் பற்றிய கதைகளில் மெக்கான்கியின் முடிவுதான் கொடூரமானது. பாறை முகட்டிலிருந்து பலகையோடு பாய்ந்து, வானில் பலகையைக் கழற்றிவிட்டுப் பாராசூட் விரிப்பது அவருடைய வித்தை. 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலமைட் மலையில் ஒரு பலகை கழலவில்லை. அதை விடுவிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அவருக்கு வயது 39.

அடியில் இருக்கும் சர்க்கரை

குல்மார்க்கில் பலகை பற்றிய எல்லாப் பேச்சும் கடைசியில் பனிச்சரிவில் வந்து நிற்கும். கோண்டோலாவின் இருபுறமும் உள்ள கிண்ணத்தை மட்டும் ரோந்துக் குழு வெடிவைத்துச் சரிபார்த்துத் திறக்கிறது. மேல் கட்டம் தாமதமாவதற்கு அதுவும் காற்றும்தான் காரணம். எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அவரவர் பாடு. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் அருகே பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் மேல் பனி சரிந்து 17 பேர் மாண்டனர். அவர்கள் பனியில் போர் செய்யவே பயின்றவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர். ஹபத் என்றால் காஷ்மீரியில் கரடி. 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க்கில் ரஷ்யர் ஒருவர்.

இதில் பனியின் வரலாறு முக்கியம். காஷ்மீரிகள் குளிரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் சில்லை கலான், பிறகு 20 நாள் சில்லை குர்த், 10 நாள் சில்லை பச்சா. சில்லை கலானில் விழும் பனிதான் நிலைக்கும். மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் தவறினால் குளிர் இருக்கும், பனி இருக்காது. ஆரம்பத்தில் விழுந்த மெல்லிய பனி, தெளிந்த இரவுகளின் கடுங்குளிரில் ஒட்டுறவு இல்லாத மணிகளாக மாறிவிடும். சர்க்கரை போல. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க முடியாது. அதன் மேல் பிறகு ஒரு மீட்டர் புதுப் பனி வந்து உட்கார்ந்தால், சர்க்கரையின் மேல் கட்டிய வீடு. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது; மாதக் கடைசியில்தான் பனி வந்தது. அடுத்த மாதச் சரிவுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தாமதமாக வரும் பனியை வழிகாட்டிகள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

இங்கே அகலப் பலகைக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. பழைய ஒடுங்கிய பலகையில் ஆழப் பனிச் சரிவில் இறங்கத் தேர்ந்த கால் வேண்டும். அந்தக் காலைப் பெறுவதற்குள் மலையைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும். மூக்கு எழும்பிய பலகையில் இரண்டாவது பருவத்திலேயே அங்கே போய்விடலாம். பலகை மனிதனை அவன் அறிவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவே நல்ல கடைகளில் பலகையோடு மூன்று சாமான்களும் கேட்கச் சொல்வார்கள்: உடலில் கட்டிக்கொள்ளும் ரேடியோ கருவி, மடக்குக் கம்பி, மண்வெட்டி. புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி போனால் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் வரும் நேரம் அல்ல அது. பக்கத்தில் இருப்பவரின் கையில் மண்வெட்டி இருந்தால்தான் உண்டு. அவருக்கு அதைப் பிரயோகிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்ல வேண்டியதில்லை, சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

வந்தவர் விட்டுப்போன பலகை

வழிகாட்டிகளில் பலர் தங்மார்க்கிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்தவர்கள். கோடையில் குதிரை, குளிர்காலத்தில் ஸ்லெட்ஜ் வண்டி அல்லது ஸ்கீ. தங்மார்க்கின் ஆரிஃப் கானின் தகப்பனார் குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவர். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனவர் ஆரிஃப் ஒருவர்தான். ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-வதாக வந்தார். அதற்கு முன் 1988 கால்கரி ஒலிம்பிக்கிலும் குல்மார்க்கின் குல் முஸ்தபா தேவ் சறுக்கினார். பந்தயத்துக்கு ஒலிம்பிக் உண்டு. மலையில் வழி காட்டுகிறவர்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல சாமான்.

சாமான் வருகிற வழி விசித்திரமானது. நல்ல ஃப்ரீரைடு பலகையும் பைண்டிங்கும் வெளிநாட்டு விலையில் ஒரு வழிகாட்டியின் பருவ வருமானத்தைக் கரைத்துவிடும். ஆகவே பருவ முடிவில் வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது பலகையை விற்றுவிட்டோ விட்டுவிட்டோ போவதை எதிர்பார்த்திருப்பார்கள். அதனால் குல்மார்க்கின் கடைகளில் பத்து வருடத்துப் பலகை நாகரிகம் அடுக்கடுக்காக இருக்கும். பலகை பரவாயில்லை, தேய்ந்தாலும் சறுக்கும். பைண்டிங் அப்படியல்ல. பிளாஸ்டிக் இறுகி உடையும், ஸ்பிரிங் தளரும், ஜன்னலில் ஆறு என்று காட்டினாலும் உள்ளே எத்தனை என்று சோதிக்க இயந்திரம் வேண்டும். கம்பெனிகளே சில வருடங்களுக்குப் பின் பழைய மாடல்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை. மற்றவரைக் கூட்டிக்கொண்டு மலையின் மோசமான பக்கத்துக்குப் போகிறவரின் காலில்தான் பழைய பைண்டிங் இருக்கிறது என்பது குல்மார்க்கின் சங்கடமான உண்மை.

வருகிறவர்கள் குறைந்தால் விட்டுப்போகிறவர்களும் குறைவார்கள். பல மேற்கத்திய அரசுகள் காஷ்மீர் பயணத்தைப் பற்றி எச்சரித்துக்கொண்டேயிருக்கின்றன. எச்சரிக்கையை மீறினால் காப்பீடு செல்லாது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பள்ளத்தாக்கின் சுற்றுலா முழுக்கவே ஆடிப்போயிற்று. பனியும் கூட்டு சேர்ந்துகொள்கிறது. 2025 கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் கட்டம் பிப்ரவரியில் பனியில்லாமல் தள்ளிப்போய் மார்ச்சில் நடந்தது. பனி மெலிந்த வருடங்களில் கடைக்காரர்கள் நல்ல ஜோடிகளை உள்ளே வைத்துவிட்டுப் பழையதை வெளியே நிறுத்துவதில் தப்பில்லை. மேலே ஒரு சாண் பனி, கீழே பாறை. பலகையின் அடியில் விழும் கீறலைப் பிளாஸ்டிக் குச்சி உருக்கி நிரப்பலாம். எஃகு விளிம்பு பெயர்ந்தால் பலகைக்குக் கருமாதிதான்.

மார்ச் கடைசியில் கணக்கு மறுபடி மாறும். பகலில் உருகி இரவில் உறைந்து, பனி கம்பரிசி போல மணி மணியாகும். காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடி, பதினோரு மணிக்கு வெண்ணெய், ஒரு மணிக்குச் சேறு. இந்த இரண்டு மணி நேரத்துக்கு 90 மில்லிமீட்டர் பலகையே சுகம். பிப்ரவரியில் யாரும் தொடாமல் மூலையில் கிடந்த ஒடுங்கிய ஜோடிகள் அப்போது வாடகைக்குப் போகும். ஏப்ரலில் புல் தெரியத் தொடங்கியதும் கடைக்காரர்கள் அடிப்பக்கத்தில் தடிமனாக மெழுகு பூசி, விளிம்பில் எண்ணெய் தடவி, பலகைகளை மாடியில் அடுக்குவார்கள். பைண்டிங்கின் ஸ்பிரிங்கைக் கோடை முழுக்கத் தளர்த்தி வைப்பதா, அப்படியே விடுவதா என்பதில் மட்டும் கடைக்குக் கடை அபிப்பிராயம் வேறு.